தீப்பெட்டி ஆலைச் சுவரோரம் நாற்பது விநாடி

வாகனக் காப்பீட்டில் அப்போது இரண்டு வகை இருந்தன. ஒன்றில் வருடத்துக்கு ஒரே தொகை. நீங்கள் எப்படி ஓட்டினாலும் அவர்களுக்குக் கவலையில்லை. இன்னொன்றில் வண்டிக்குள் ஒரு பெட்டியைப் பொருத்திவிடுவார்கள். ஸ்டியரிங்கைத் திருப்புவது, பிரேக்கை மிதிப்பது, வளைவில் வேகம் குறைப்பது எல்லாவற்றையும் அது கவனித்துக்கொண்டே இருக்கும். ஒழுங்காக ஓட்டினால் பிரீமியம் இறங்கும், கன்னாபின்னாவென்று ஓட்டினால் ஏறும்.

நான் பெட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். காரணம் சிக்கனம் இல்லை, திமிர். நான் நன்றாக வண்டி ஓட்டுவேன் என்று எந்த மனிதரும் அதுவரை வாய் திறந்து சொன்னதில்லை. ஒரு இயந்திரமாவது சொல்லட்டுமே என்று இருந்தது.

என் பெயர் சுபத்ரா. மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காகச் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்துக் கொண்டுவருவது என் வேலை. குப்பிக்குள் ரத்தம் கண்டபடி குலுங்கினால் அணுக்கள் உடைந்து பரிசோதனை முடிவு தப்பாக வரும். அதனால் பள்ளம், மேடு, குறுக்கே வரும் ஆடு, எதிர்த்திசையில் வரும் பைக் எல்லாவற்றையும் தூரத்திலேயே பார்த்து, குப்பிகளுக்குத் தெரியாமல் வண்டியைக் கொண்டுபோகப் பழகியிருந்தேன். என் கணவர் மாரீஸ்வரன் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறார். தங்கமான மனிதர். ஸ்டியரிங்கைத் தொட்டால் மட்டும் அவருக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். கால் எதை மிதிக்கிறது என்று காலுக்கே தெரியாது.

தப்பு எங்கே நடந்தது என்றால், விண்ணப்பத்தை நாங்கள் கோவில்பட்டியில் மாமனார் வீட்டில் உட்கார்ந்து நிரப்பினோம். மாமனார் கோமதிநாயகம் முப்பத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். காப்பீட்டு முகவர் பேனாவைத் திறந்து, "முதன்மை ஓட்டுநர் பேரு?" என்று கேட்டார்.

"மாரீஸ்வரன்னு எழுதுங்க," என்றார் மாமா. "டிரைவர் வீட்டுப் பிள்ளை."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"வேற யாராச்சும் ஓட்டுவாங்களா?"

"வேற யாரு ஓட்டப் போறா?" என்றார் அத்தை. அந்தக் கட்டம் காலியாகவே போனது.

நாங்கள் வாயைத் திறக்காததற்குக் காரணம் இருந்தது. கோவில்பட்டியைப் பொறுத்தவரை எங்கள் வண்டியை ஓட்டுபவர் மாரீஸ்வரன். மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டர் நான் ஓட்டுவேன். ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் மூடிக்கிடக்கும் தீப்பெட்டி ஆலை ஒன்று உண்டு. அதன் சுவரோரம் வேப்பமர நிழலில் இடது சிக்னல் போட்டு நிறுத்துவேன். இருவரும் இறங்கி, வண்டிக்கு முன்னால் ஒருவரையொருவர் கடந்து, இடம் மாறி உட்காருவோம். கல்யாணமான புதிதில் அவர்தான் கேட்டார். "அப்பா தாங்க மாட்டாரு சுபா. ஊருக்குள்ள மட்டும் நான் ஓட்டுறேனே." நாற்பது விநாடி வேலை. பன்னிரண்டு வருடமாக நடந்தது.

வண்டி வீட்டு முன்னால் நின்றதும் மாமா குனிந்து முன்சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். அது ஓட்டுநர்களின் பழக்கம். கடைசி நாலு கிலோமீட்டரில் என் கணவர் மிதித்த மிதியில் சக்கரம் கொதித்துக் கிடக்கும். "மதுரையிலேருந்து பிரேக்குல நின்னுக்கிட்டேவா வந்தே?" என்று திட்டுவார். அத்தை, "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்த புள்ளைய வாசல்லயே வச்சுத் திட்டாதீய," என்று முதல் காபியை மகனிடம் நீட்டுவார். பிறகு என் பக்கம் திரும்பி, உண்மையான அன்போடு கேட்பார்: "நீ நல்லாத் தூங்கிட்டு வந்தியாம்மா?"

அந்த ஒரு கேள்விக்குத்தான் எனக்கு ஒவ்வொரு தடவையும் பற்றிக்கொண்டு வரும்.

பெட்டி வந்தது. வண்டிக்குள் கேமரா கூடாது என்று சட்டம் இருந்ததால் ஓட்டுவது யார் என்று அதற்குத் தெரியாது. கையும் காலும் செய்வது மட்டும் தெரியும். தினமும் மாலையில் அது என்னைப் பாராட்டியது. "மாரீஸ்வரன் அவர்களே, இன்று தொண்ணூற்றேழு மதிப்பெண். உங்களைப் போல் மென்மையாக ஓட்டுபவர் அரிது." எனக்குப் பெருமையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. கோவில்பட்டிக்குப் போகும் நாட்களில் மட்டும் அதன் குரல் ஆஸ்பத்திரிக் குரலாக மாறிவிடும். "மாரீஸ்வரன் அவர்களே, சொந்த ஊர் நெருங்கும்போது உங்களுக்குக் கடுமையான மனக்கலக்கம் ஏற்படுகிறது. தயங்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள். முதல் சந்திப்பு இலவசம்."

இதை முதல்முறை கேட்டபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். என் கணவர் சிரிக்கவில்லை.

பதினோராவது மாதம் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து எஸ்தர் நவமணி என்ற அதிகாரி வீட்டுக்கே வந்தார். ஐம்பது வயது இருக்கும், நாகர்கோவில் பேச்சு. சோபாவில் உட்கார்ந்ததும் என் கணவருக்குக் கைகொடுத்தார்.

"அடுத்த வருசம் ஆள் இல்லாத தானோட்டி வண்டிய தமிழ்நாடு பூரா விடப் போறாங்க. டாக்சி, ஆம்புலன்ஸ், எல்லாம். ஆனா அதுக்கு நம்ம ரோடு புரிய மாட்டேங்குது. கோடு போட்ட ரோட்டுல படிச்ச வண்டி. ஒரு ஆடு நின்னா அதுவும் மணிக்கணக்கா நிக்கும்."

"அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்று நான் கேட்டேன்.

"நல்லா ஓட்டுற ஒரு மனுசரோட கைய அதுக்குக் கத்துக் குடுக்கணும். எப்ப காலை எடுக்காரு, எவ்வளவு தூரத்துல ஆட்டப் பாக்காரு, எல்லாம். நாலு லட்சம் பெட்டியப் பாத்தோம். உங்க வீட்டுக்காரர்தான் முதல். வண்டி ஒவ்வொண்ணோட கதவுலயும் அவரு பேரு இருக்கும். 'மாரீஸ்வரன் கை'ன்னு."

என் கணவரின் முகம் வெளிறிப்போனது. எஸ்தர் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு மாதிரி என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு விதிகளைச் சொன்னார். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் பெயரில் ஏதாவது தவறு இருந்தால் திருத்தலாம். ஆனால் அதை வாடிக்கையாளரே தன் வாயால் சொல்ல வேண்டும். அவர் குடும்பத்தார் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். நிறுவனமாகக் கண்டுபிடித்தால் அது மோசடி. சம்பந்தப்பட்ட யாரும் மூன்று வருடம் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

"பொதுவாச் சொல்லுகேன்," என்றார். "எல்லாருட்டயும் சொல்லுகதுதான்."

அவர் போனதும் வீட்டில் சண்டை வெடித்தது.

"உடம்பு சரியில்லைன்னு சொல்லி வேணாம்னுடலாம்," என்றார் என் கணவர்.

"எதுக்கு வேணாங்கணும்? அது நான் வாங்குன மார்க்கு."

"தெரியும் சுபா."

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன ஆச்சு? இந்தத் தமிழ்நாட்டுல ஓடப் போற அம்புட்டு வண்டியும் என்னைய மாதிரி ஓட்டும். கதவுல உங்க பேரு இருக்கும். நான் ரோட்டோரம் நின்னு என் கையவே வேடிக்கை பாக்கணுமா?"

"அப்பாகிட்ட நான் சொல்றேன்."

"எப்ப?"

"பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். மறுநாளே அவர் அப்பாவுக்குப் போன் செய்தார். விஷயத்தின் முதல் பாதியைச் சொல்லி முடிப்பதற்குள் மாமா போனை வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவிட்டார். அடுத்த வாரம் கோவில்பட்டியில் பாராட்டு விழா என்று முடிவாகிவிட்டது. பந்தல், மேளம், என் கணவர் இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிடும் ஃபிளெக்ஸ். விழா மேடையிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து, காலை பதினோரு மணிக்கு. அதற்கு முன், மதுரையிலிருந்து கோவில்பட்டி வரை உணர்கருவி பொருத்திய கையுறையைப் போட்டுக்கொண்டு அவர் ஓட்ட வேண்டும். எஸ்தர் பின்சீட்டில் வருவார்.

அந்தக் காலையில் அவர் கையுறையைப் போட்டதுமே அது நனைந்துவிட்டது. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருமுனை வீட்டுத் தண்ணீர் டிரம்மை உரசினோம். பின்சீட்டில் சத்தமே இல்லை. பெருஞ்சாலையில் ஏறிய கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆடுகள் குறுக்கே வந்தன. அவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். நான் கைபிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வண்டி அலறி நின்றது. ஆடுகள் எங்களைக் கேவலமாகப் பார்த்துவிட்டுப் போயின.

அவர் கையுறைகளைக் கழற்றி என் மடியில் வைத்தார். நான் மெதுவாகப் பின்னால் திரும்பினேன். எஸ்தர் தலையைச் சாய்த்துக் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

"எனக்குக் கார்ல ஏறுனாலே கண்ணு சொக்கிரும் பாத்துக்கிடுங்க," என்றார், கண்ணைத் திறக்காமலே. "கோவில்பட்டி எல்லையில எழுப்புங்க. அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது."

இடம் மாறினோம். கையுறை எனக்குச் சற்றுப் பெரிதாக இருந்தது. ஆனால் திருமங்கலம் தாண்டுவதற்குள் அது என் தோல் போலாகிவிட்டது. அன்றைக்கு ஓட்டியதைப் போல் நான் எப்போதும் ஓட்டியதில்லை. விருதுநகர் பக்கம் தப்பான திசையில் டிராக்டர் வந்தது. அதற்கு வழிவிட்டது எனக்கே தெரியவில்லை. சாத்தூர் வெயிலில் சாலை கானலாக நெளிந்தது. கோபம், பயம் எல்லாம் விரல் நுனி வழியாக இறங்கிப்போய் வண்டி மட்டும் மிச்சமிருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

தீப்பெட்டி ஆலை வந்தது. என் கை தானாக இடது சிக்னலைப் போட்டது. வேப்பமர நிழலில் வண்டி தானாக நின்றது. இருவரும் கதவைத் திறந்து இறங்கி, வழக்கம்போல வண்டிக்கு முன்னால் நேருக்கு நேர் வந்தோம். அப்போதுதான் என்ன செய்கிறோம் என்று எனக்கு உறைத்தது.

"நான் எதுக்கு இறங்கினேன்?" என்றேன்.

அவர் கையை நீட்டினார், கையுறைக்காக. "இன்னிக்கு ஒரு நாள் மட்டும், சுபா. அப்பா மாலையோட நிக்கிறாரு. ஊரே நிக்குது. நாளைக்குச் சொல்லிடுவோம்."

"நாளைக்கு இது உங்க கையாயிரும். பதினோரு மணிக்குக் கையெழுத்து."

"அவரு தாங்க மாட்டாரு."

"நான் பன்னெண்டு வருசம் தாங்கலையா?" என்றேன். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து, நல்லாத் தூங்குனேன் அத்தைன்னு சொல்லிருக்கேன். சிரிச்சுக்கிட்டே சொல்லிருக்கேன். இன்னைக்கு நான்தான் ஓட்டப் போறேன். வாறதா இருந்தா ஏறுங்க. இல்லாட்டி இங்கயே நில்லுங்க, ஷேர் ஆட்டோ வரும்."

திரும்பிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டேன். அவர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நான் எண்ணவில்லை, ஆனால் பெட்டி எண்ணியிருக்கும். பிறகு அவர் வந்தார். பக்கத்து இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தி, சத்தமாகச் சொன்னார்: "எஸ்தர் மேடம், எழுந்திரிங்க. எல்லை வந்துருச்சு."

மாமனார் வீட்டுத் தெரு குறுகலானது. ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் மின்கம்பம். அன்று போதாக்குறைக்குப் பந்தல் கால், அடுக்கிய நாற்காலிகள், மேளக்காரர்களின் வேன். வண்டியை வீட்டு முன்னால் நிறுத்த வேண்டுமென்றால் பின்னோக்கித்தான் ஏற்ற வேண்டும். வழக்கமாக என் கணவர் ஏழெட்டுத் தடவை முன்னும் பின்னும் போவார், சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும், "ஒடி, ஒடி, போதும், போதும்!" என்று கத்துவார்கள். அன்றும் அவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு தயாராக வந்தார்கள். நான் கண்ணாடியை ஒரு முறை பார்த்தேன். பின்னோக்கி எடுத்தேன். ஒரே வீச்சில் மின்கம்பத்துக்கும் சாக்கடைக்கும் நடுவே வண்டி போய் அமர்ந்தது. சித்தப்பாக்களின் கைகள் அந்தரத்தில் நின்றன.

மேளம் முழங்கியது. மாமா மாலையோடு ஓட்டுநர் பக்கக் கதவுக்கு வந்தார். கதவைத் திறந்து நான் இறங்கினேன். மேளங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

மாமா என்னைப் பார்க்கவில்லை. மாலையை வண்டி மேல் வைத்துவிட்டுக் குனிந்தார். முன்சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

"சூடே இல்லையே," என்றார். "இது யாரு கை?"

"என் கை, மாமா."

"இன்னைக்கு மட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் முன்னால் வந்தார். "பன்னெண்டு வருசமா அவதான்ப்பா. தீப்பெட்டி ஆலைல மாத்திக்குவோம். உங்களுக்குச் சூடாத் தெரிஞ்சது நான் ஓட்டின நாலு கிலோமீட்டர். அந்த மார்க் அவளோடது. எனக்கு வண்டி ஓட்ட வராதுப்பா. பயமா இருக்கு. எப்பவுமே பயந்தான்."

எஸ்தர் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பெயர் திருத்த விண்ணப்பம். கையெழுத்துகளைத் தவிர மற்ற கட்டங்களெல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. முதன்மை ஓட்டுநர்: சுபத்ரா. தேதி இரண்டு வாரத்துக்கு முந்தையது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"பெட்டி மனக்கலக்கம்னு எழுதிச்சு. அது மெசினு, அதுக்கென்ன தெரியும்?" எஸ்தர் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுல ஊருக்கு முன்னால ஆரல்வாய்மொழில சீட்டு மாத்துவோம், மக்ளே. இருவத்தாறு வருசமா."

மாமா தாளை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்து முழுவதும் படித்தார். அவர் மகனை அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தில் கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை. ஆனால் கடைசியில் பேசியது என்னிடம்.

"அன்னைக்கு அந்தக் கட்டத்தக் காலியா விட்டதுல எனக்கும் பங்கு இருக்கு," என்றார். "ரிவர்ஸ்ல ஏத்துனியே, எனக்கு இந்தத் தெருவுல ரெண்டு வீச்சு வேணும்." பையிலிருந்து பேனாவை எடுத்து, வண்டியின் பானெட் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த மாலையை எடுத்து என்னிடம் நீட்டினார். கழுத்தில் போடக் கூச்சமாக இருந்திருக்கும். நானே போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கையெழுத்துக்கு அத்தையைத் தேடினால் ஆளைக் காணோம். உள்ளேயிருந்து காபியோடு வந்தார். மகனைத் தாண்டி நேராக என்னிடம் வந்து டம்ளரைக் கொடுத்தார். "நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்த புள்ளைய வாசல்லயே நிக்க வச்சுட்டீயளே," என்று எல்லோரையும் பொதுவாகத் திட்டினார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"நீ நல்லாத் தூங்கிட்டு வந்தியாப்பா?"

தெரு வெடித்துச் சிரித்தது. மேளக்காரர்கள் சிரித்துக்கொண்டே அடிக்க ஆரம்பித்தார்கள். முதலில் சிரித்தது என் கணவர்தான். அத்தை இரண்டாவது கையெழுத்தைப் போட, நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த வருடம் தானோட்டி வண்டிகள் வந்தன. ஒவ்வொரு கதவிலும் 'சுபத்ரா கை' என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஆடுகளுக்கு வழிவிட்டன, டிராக்டர்களைப் புரிந்துகொண்டன, ஆம்புலன்ஸில் படுத்திருப்பவர்களைக் குலுக்கவில்லை. ஒரே ஒரு கோளாறுதான். எந்த ஊருக்குப் போனாலும், ஊர் எல்லைக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் இடது சிக்னல் போட்டு ஓரமாக நாற்பது விநாடி நின்றுவிட்டுத்தான் உள்ளே போயின.

பொறியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் ஓட்டின கடைசி நாலு கிலோமீட்டரைச் சுத்தமா வெட்டிட்டோம் மேடம். ஆனா இது எங்கே இருந்து வருதுன்னு தெரியலை. இதை எடுத்தா மத்ததும் கெட்டுப்போகுது. பாதுகாப்புக்கா நிக்குறீங்க?"

"ஆமா," என்றேன். "ஒருத்தரோட மானத்தப் பாதுகாக்க நின்னது. அது என் கைக்குள்ள ஊறிப்போச்சு. இனிமே நான் ஓட்டுறதையும் வண்டிகளுக்குக் காட்டிக்கிட்டே இருங்க. தன்னால மறந்துரும்."

போன வாரம் மாமாவின் பிறந்தநாளுக்குக் கோவில்பட்டி போனேன். என் வண்டி, என் பெயரில் பெட்டி. பக்கத்து இருக்கையில் என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். தீப்பெட்டி ஆலைச் சுவரோரம், வேப்பமர நிழலில், பதினொரு தானோட்டி வண்டிகள் வரிசையாக இடது சிக்னல் போட்டு நின்றுகொண்டிருந்தன. எல்லாம் என் கைகள். இறங்கி இடம் மாற அவற்றில் யாரும் இல்லை.

நான் பதினொன்றையும் தாண்டி, நிற்காமல் ஊருக்குள் போனேன்.